தனித்துத் தொழில் புரிவோரும் துணைக்கு அழைக்கும் முறைகளும்



'கூப்பிடு தூரம்' என்பது நம் மக்கள் நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு சொல். ஒருவர் வாய்விட்டுக் கூவினால் மற்றொருவர் செவியில் விழக்கூடிய தொலைவு எதுவோ, அதுவே கூப்பிடு தூரம். 'கோயில் எவ்வளவு தூரம் ஐயா?' என்று வழிப்போக்கர் கேட்டால், 'கூப்பிடு தூரந்தான்' என்று விடை சொல்வார்கள். காதம், நாழிகை வழி என்பவற்றைப் போல இதுவும் ஓர் அளவாகவே நின்றது. மனிதனுடைய குரலையே அளவுகோலாகக் கொண்ட இச்சொல்லில் ஒரு நம்பிக்கையும் அடங்கியிருக்கிறது. ஏதேனும் நேர்ந்தால் கூப்பிடலாம், கூப்பிட்டால் யாரேனும் வருவார்கள் என்பதே அந்த நம்பிக்கை. வயலிலும் களத்திலும் தறிக்கூடத்திலும் பாடுபட்டவர்கள் பெரும்பாலும் அதன் எல்லைக்குள்ளேயே இருந்தார்கள்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது, அந்த எல்லைக்கு வெளியே நின்று தொழில் செய்பவர்களைப் பற்றி. பட்டறையில் தனியாக வேலை செய்யும் ஒருவருக்கு ஆபத்து நேர்ந்தால், அவர் பிறரை எவ்வாறு உதவிக்கு அழைப்பது என்பதே நம் பொருள்.

இவர்கள் யார்? கோயம்புத்தூரில் கணபதி, பீளமேடு போன்ற பகுதிகளில் நடந்து சென்றால் இவர்களைத் தெருவுக்குத் தெரு காணலாம். பம்புகளுக்கும் மாவரைக்கும் இயந்திரங்களுக்கும் வேண்டிய உறுப்புகளைக் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறைகள் அங்கே நிறைந்திருக்கின்றன. லேத் எனப்படும் கடைசல் இயந்திரம் ஒன்று, துளையிடும் இயந்திரம் ஒன்று, சாணைக்கல் ஒன்று, வெல்டிங் கருவி ஒன்று, அவ்வளவே முதல். முதலாளியும் அவரே, தொழிலாளியும் அவரே. மோட்டாருக்குக் காயில் கட்டுவோர், இரும்புக் கதவு செய்வோர், வட்ட ரம்பம் வைத்து மரம் அறுப்போர் என இவ்வகையினர் ஊர்தோறும் உளர்.

சட்டத்தின் கண்ணுக்கு இவர்கள் எளிதில் புலப்படுவதில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், பொதுவாக, மின்விசையைப் பயன்படுத்தும் இடமாயின் 10 பேர், பயன்படுத்தாத இடமாயின் 20 பேர் வேலை செய்தால்தான் அதனைத் தொழிற்சாலை என்று கொண்டது. அதன் இடத்தில் வந்துள்ள 2020-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, அவ்வெண்களை 20 என்றும் 40 என்றும் உயர்த்திவிட்டது. ஒருவரே வேலை செய்யும் பட்டறைக்குப் பாதுகாப்பு அலுவலரும் இல்லை, முதலுதவிப் பெட்டியைச் சோதிப்பவரும் இல்லை. தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேண்டிய நிலை அவருடையது.

இப்பொருளில் எனக்கு அக்கறை தோன்றியதற்குக் காரணம் உண்டு. நம் மாநிலத்தில் 1978-இல் மேனிலைக் கல்வி தொடங்கியபோது தொழிற்கல்விப் பிரிவும் உடன் தொடங்கிற்று. நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியிலும் இயந்திரத் தொழில் கற்பிக்கப்பட்டது. அங்கே அரம் பிடித்துப் பழகிய பிள்ளைகள் பலர் இன்று சொந்தப் பட்டறை நடத்துகிறார்கள். பள்ளிப் பட்டறையில் அவர்கள் பின்னால் எப்போதும் ஓர் ஆசிரியர் நின்றுகொண்டிருந்தார். இப்போது அவர்கள் பின்னால் நிற்பவர் யார் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

'ஆபத்து வந்தால் கத்தினால் போகிறது' என்று சிலர் நினைக்கலாம். கத்துவது ஏன் போதாது என்பதை முதலில் காண்போம்.

முதலாவது காரணம் ஓசை. லேத்தும் சாணையும் சுழலும் இடத்தில், அருகில் நிற்பவர் பேசுவதே கேட்பதில்லை. அடுத்த கட்டடத்திலும் ஓர் இயந்திரம் ஓடுமாயின், எழுப்பிய குரல் இரண்டு இரைச்சல்களுக்கு இடையே மடிந்துபோகும். இரண்டாவது காரணம் கதவு. இரவு வேலையின்போது அயலாருக்குத் தொல்லையாகாதிருக்கவும், திருட்டுக்கு அஞ்சியும், இழுப்புக் கதவைக் கீழே இறக்கிக்கொண்டு வேலை செய்வது வழக்கம். உள்ளே தாழிட்டும் விடுவார்கள்.

மூன்றாவது காரணமே மிக முக்கியமானது. ஆபத்து என்பது பலவேளைகளில் முதலில் குரலைத்தான் பறிக்கிறது. வீட்டு மின்சாரம் உடலில் பாயும்போது, சுமார் 10 மில்லி ஆம்பியர் அளவிலேயே கைத்தசைகள் இறுகிவிடும். பிடித்த கம்பியை விட வேண்டுமென்று மனம் எண்ணினாலும் விரல்கள் விடா. அந்த அளவு இன்னும் சிறிது மிகுந்தால் மூச்சுத் தசைகளும் இறுகும். மூச்சில்லாதவன் எங்ஙனம் கூவுவான்? மூச்சும் நாடியும் நின்ற பின்னர், 4 நிமிடத்திலிருந்து 6 நிமிடத்திற்குள் மூளை கெடத் தொடங்குகிறது. தொடையில் ஓடும் பெரிய தமனி அறுபட்டாலும் சில நிமிடங்களே அவகாசம். தலையில் அடிபட்டவர்க்கு நினைவே இருப்பதில்லை.

அமெரிக்காவிலுள்ள யேல் பல்கலைக்கழகத்தில் 2011-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நிகழ்ந்த துயரத்தை இங்கே குறிப்பிட வேண்டும். பட்டம் பெறும் தறுவாயிலிருந்த ஒரு மாணவி, இரவு நேரத்தில் வேதியியல் ஆய்வுக்கூடத்தின் பட்டறையில் லேத்தில் தனியே வேலை செய்துகொண்டிருந்தார். அவருடைய கூந்தல் சுழலும் இயந்திரத்தில் சிக்கிக்கொண்டது. கழுத்து நெரிபட்டு அவர் உயிர் துறந்தார். அவருடைய உடலைப் பிற மாணவர்கள் பின்னரே கண்டனர். அதன் பிறகு, மாணவர்கள் பட்டறையைப் பயன்படுத்தும் நேரத்துக்கும் மேற்பார்வைக்கும் அப்பல்கலைக்கழகம் கடுமையான கட்டுப்பாடுகளை விதித்தது. செல்வமும் அறிவும் மிகுந்த இடத்திலேயே இது நிகழுமாயின், நம் ஊர் ஒற்றையறைப் பட்டறையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

என்னிடம் பயின்ற ஒருவருக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன். அவர் ஊருக்கு வெளியே பம்பு பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், சங்கிலிக் கப்பியால் தூக்கிய வார்ப்பு இரும்புப் பகுதி நழுவி, அவருடைய காலின் மீது விழுந்து அழுத்திக்கொண்டது. கைப்பேசி அங்கேதான் இருந்தது. மேசைமேல், மின்னேற்றும் கம்பியில் மாட்டியபடி, ஏறத்தாழ 5 அடி தூரத்தில் இருந்தது. அவர் தரையில் கிடந்தார், அது எட்டவில்லை. சிறிது நேரத்தில் அதன் மணி அடித்தது. ஓய்ந்தது, மறுபடி அடித்தது. அழைத்தவர் அவருடைய மனைவியார். 'இயந்திரச் சத்தத்தில் கேட்கவில்லை போலும், வேலை முடிந்ததும் அவரே பேசுவார்' என்று எண்ணி அந்த அம்மையார் விட்டுவிட்டார். மூன்று மணி நேரம் கழித்து, தம் பம்பு ஆயிற்றா என்று கேட்க வந்த விவசாயி ஒருவர், பாதி இறக்கியிருந்த கதவின்கீழ்க் குனிந்து பார்த்தார். அதனால் உயிர் பிழைத்தது. கால் முன்போல் ஆகவில்லை.

நான் பார்க்கச் சென்றபோது அவர் சொன்னார்: "ஐயா, வலியையாவது மறந்துவிடலாம். அந்த மணியோசைதான் இன்னும் காதில் இருக்கிறது. அழைக்கிறார்கள் என்று தெரிகிறது, எடுக்க முடியவில்லை."

இந்நிகழ்ச்சியில் இரண்டு செய்திகள் அடங்கியிருப்பதைக் கவனிக்க வேண்டும். அழைக்கும் கருவி உடலோடு இல்லை என்பது ஒன்று. மறுமுனையில் இருந்தவர், விடை வராமையைத் தவறாகப் பொருள்கொண்டார் என்பது மற்றொன்று. அவரைக் குறை சொல்வதற்கில்லை. விடை வராவிட்டால் இன்னது செய்ய வேண்டும் என்று அவர்களுக்குள் முன்கூட்டியே பேச்சு இல்லை.

ஆகவே, உதவி கோரும் முறைகளை நான் இரண்டாகப் பிரிக்கிறேன். ஆபத்தில் சிக்கியவர் தாமே ஏதேனும் ஒன்றைச் செய்து அழைப்பது முதல் வகை. அவர் ஒன்றும் செய்யாதிருப்பதே அழைப்பாக அமைவது இரண்டாம் வகை.

முதல் வகையை எடுத்துக்கொள்வோம். இவற்றுள் மிக மலிவானது ஊதல். கூவுவதைக் காட்டிலும் ஊதலுக்குக் குறைந்த மூச்சே போதும்; அதன் கூரிய ஓசை இயந்திர இரைச்சலினின்றும் பிரிந்து கேட்கும். மலையேறுவோர் இதற்கென ஒரு முறையே வகுத்துள்ளனர். ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஒலி எழுப்பிப் பின்னர் ஒரு நிமிடம் ஓய்ந்து, மீண்டும் ஆறு முறை எழுப்ப வேண்டும். கிளின்டன் டென்ட் என்னும் ஆங்கிலேயர் 1894-இல் முன்மொழிந்த முறை இது. ஒழுங்காக வரும் ஓசை தற்செயலாக எழுந்ததன்று என்பது கேட்பவர்க்குப் புலப்படும். இரும்புக் குழாயைச் சுத்தியலால் தட்டுவதும் இவ்வகையே. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் கியூக்ரீக் சுரங்கத்தில், 2002 சூலை மாதம் வெள்ளத்தில் சிக்கிய 9 தொழிலாளர்கள், மேலிருந்து இறக்கிய துளைக் குழாயில் ஒன்பது முறை தட்டினார்கள். தாங்கள் உயிரோடிருப்பதையும் தங்கள் எண்ணிக்கையையும் ஒரே செய்தியாக அனுப்பினார்கள். அனைவரும் காப்பாற்றப்பட்டனர்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ஊதலைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு லேத்தின் முன் நிற்கலாகாது. அந்தக் கயிறே சுழலும் சக்கில் சிக்கி உயிரை வாங்கிவிடும். சுழலும் இயந்திரத்தருகே கழுத்துக் கயிறு, மோதிரம், தொங்கும் சட்டைக்கை, கைக்கடிகாரம் எதுவும் ஆகாது. ஊதல் சட்டைப்பையில் இருக்கட்டும்.

அடுத்தது மணி. பட்டறைக்குள் ஒரு பொத்தானும், வெளியே அயலார் செவியில் விழும்படி ஒரு மணியும் அமைப்பது எளிய காரியம். உள்ளூர் மின்பணியாளர் அரை நாளில் செய்து தருவார். எனினும் அதிலும் மூன்றைக் கவனிக்க வேண்டும். பொத்தான் மார்பு உயரத்தில் மட்டும் இருந்தால் போதாது. விழுந்து கிடப்பவருக்கு எட்டாது. முதியோரும் நோயாளரும் பயன்படுத்தும் குளியலறைகளில், தரையைத் தொடும் அளவுக்கு ஒரு சிவப்புக் கயிறு தொங்கவிட்டிருப்பதைச் சில இடங்களில் காணலாம். இழுத்தால் மணி அடிக்கும். பட்டறையிலும் சுவரோரமாக, முழங்காலுக்குக் கீழே, நெடுக ஒரு கயிற்றைக் கட்டி மணியின் விசையோடு பிணைத்துவிட்டால், எங்கே விழுந்தாலும் கையோ காலோ எட்டும். இரண்டாவதாக, அம்மணி பட்டறை மின்சாரத்தையே நம்பியிருத்தல் கூடாது. மின்விபத்து நேர்ந்தால் மின்சாரம் தானே துண்டிக்கப்படலாம். ஆகவே மணிக்குத் தனி மின்கலம் வேண்டும்.

மூன்றாவது, இயந்திரத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தானைப் பற்றியது. காளான் குடை போன்ற அப்பொத்தானை அடித்தவுடன் இயந்திரம் நின்றுவிடுகிறது. ஆனால் யாரையும் அழைப்பதில்லை. அதே பொத்தானில் கூடுதலாக ஓர் இணைப்பைச் சேர்த்து, அது மணியையும் அடிக்குமாறு செய்யலாம். நெருக்கடியில் மனிதனுக்கு ஒரு செயலைச் செய்யத்தான் நேரமிருக்கும். அந்த ஒரு செயலே இயந்திரத்தை நிறுத்தவும் ஆளை அழைக்கவும் வேண்டும்.

இனித் தொலைபேசி. அவசர அழைப்புக்கெனத் தனி எண் தோன்றியதன் வரலாறு நாம் அறியத்தக்கது. 1935-ஆம் ஆண்டு நவம்பரில் லண்டன் நகரின் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பற்றி எரிந்தது. அயல் வீட்டார் தீயணைப்புப் படையைத் தொலைபேசியில் அழைத்தபோது, இணைப்பகத்தில் மற்ற அழைப்புகளோடு அவரும் காத்திருக்க நேர்ந்தது. அத்தீயில் 5 பெண்கள் மாண்டனர். அதனால் எழுந்த குறைகூறலின் பயனாக, 1937-ஆம் ஆண்டு சூன் 30-ஆம் நாள் 999 என்னும் அவசர எண் லண்டனில் நடைமுறைக்கு வந்தது. நம் தமிழ்நாட்டில் 108 என்ற மருத்துவ ஊர்தி எண் 2008-இல் வந்தது. காவல், தீயணைப்பு, மருத்துவம் ஆகிய அனைத்துக்கும் பொதுவான 112 என்னும் எண், 2018 நவம்பரில் இமாசலப் பிரதேசத்தில் தொடங்கிப் பின்னர் நம் மாநிலத்துக்கும் வந்தது.

2017 சனவரி முதல் விற்கப்படும் கைப்பேசிகளில் அவசரப் பொத்தான் வசதி இருக்க வேண்டுமென இந்திய அரசு விதி செய்தது. சாதாரணக் கைப்பேசியில் 5 அல்லது 9 என்ற எண்ணை நெடுநேரம் அழுத்துவதும், திறன்பேசியில் மின்விசைப் பொத்தானை விரைந்து மும்முறை அழுத்துவதும் அதற்குரிய வழிகளாகக் கூறப்பட்டன. கருவிக்குக் கருவி இது வேறுபடுவதால், தம் கைப்பேசியில் எவ்வாறு என்பதை ஒவ்வொருவரும் இன்றே பார்த்து அமைத்துக்கொள்ள வேண்டும். கை சிக்கிக்கொண்டால் குரலாலேயே அழைக்கும் வசதியும் திறன்பேசிகளில் உண்டு. ஆனால் இயந்திர இரைச்சலில் அதனை முழுவதும் நம்ப இயலாது. எந்தக் கைப்பேசியாயினும் மேசைமேல் கிடந்தால் பயனில்லை. பொத்தானிட்ட சட்டைப்பையிலோ காற்சட்டைப் பையிலோ உடலோடு இருக்க வேண்டும்.

அழைத்தவுடன் முதலில் சொல்ல வேண்டியது இடம். 'அடிபட்டுவிட்டது, வாருங்கள்' என்று மட்டும் சொல்லி மயங்கிவிட்டால், எங்கே வருவார்கள்? ஊர், தெரு, அருகிலுள்ள அடையாளம் ஆகிய மூன்றையும் சொன்ன பிறகே என்ன நேர்ந்தது என்பதைச் சொல்ல வேண்டும். இம்மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவைப்பது நல்லது. பதற்றத்தில் தம் முகவரியே மறந்துபோவதுண்டு. உதவிக்கு ஓடிவரும் அயலாருக்கும் அது பயன்படும்.

இதுவரை சொன்னவை யாவும், சிக்கியவருக்கு நினைவும் ஒரு கையாவது அசையும் வலிமையும் இருந்தால் மட்டுமே உதவும். அவை இல்லாதபோது என் செய்வது? இங்கேதான் இரண்டாம் வகை வருகிறது.

பள்ளிக்கூடத்தில் நாள்தோறும் காலையில் வருகைப் பதிவு எடுக்கிறோம். பெயரைப் படிக்கிறோம், 'உள்ளேன் ஐயா' என்று விடை வருகிறது. விடை வராத பெயரில்தான் ஆசிரியரின் பேனா நிற்கிறது. வராத பிள்ளை, 'நான் வரவில்லை' என்று எழுந்து சொல்வதில்லை. அவனுடைய மௌனமே அவனைப் பற்றி நம்மை விசாரிக்கச் செய்கிறது. நாற்பது பெயர்களுக்கிடையே ஒரு மௌனம் நமக்குக் கேட்பதற்குக் காரணம், விடை வர வேண்டிய நேரம் முன்பே குறிக்கப்பட்டிருப்பதுதான்.

இரயில் இயந்திரங்களில் இக்கருத்தையே பொறியாக அமைத்திருக்கிறார்கள். ஓட்டுநர் ஏறத்தாழ ஒரு நிமிடத்திற்குள் ஏதேனும் ஒரு கருவியைக் கையாள வேண்டும். அல்லது அதற்கென உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். இல்லையெனில் முதலில் விளக்கு மின்னும், பிறகு ஒலி எழும். அதற்கும் அவர் அசையாவிட்டால் வண்டி தானே நின்றுவிடும். ஓட்டுநர் மயங்கிவிட்டார் என்று யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

பட்டறைக்கு இதனைப் பொருத்துவது எளிது. கனடா நாட்டில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் தொழிற்பாதுகாப்பு விதிகள் இதனைச் சட்டமாகவே வைத்துள்ளன. தனியே வேலை செய்பவரோடு தொடர்பு கொள்வதற்கு ஒருவரைக் குறித்து நியமிக்க வேண்டும். எத்தனை நேரத்துக்கு ஒருமுறை என்பதைத் தொழிலாளியைக் கலந்தே முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் குறிப்பில் எழுத வேண்டும். வேலை முடிந்தவுடன் ஒருமுறை விசாரிக்க வேண்டும். தொடர்பு கிடைக்காவிட்டால் செய்ய வேண்டியதையும் முன்பே எழுதிவைக்க வேண்டும். இவ்விதிகளுள் கடைசியாகச் சொன்னதே உயிர்நிலை.

நான் முன்பு கூறிய மாணவர் வீட்டில் இப்போது அவ்வாறே ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். மணிக்கு ஒருமுறை அந்த அம்மையார் அழைக்கிறார். அவர் எடுத்து, 'இருக்கிறேன்' என்ற ஒரு சொல்லைச் சொல்லி வைத்துவிடுகிறார். எடுக்கவில்லையானால் 5 நிமிடம் கழித்து மீண்டும் ஓர் அழைப்பு. அதற்கும் விடையில்லையேல், பட்டறைக்கு எதிரே சக்கரப் பழுது பார்க்கும் கடைக்காரருக்கு அழைப்பு போகும். அவரிடம் ஒரு மாற்றுச் சாவி இருக்கிறது. மூன்றாவது எண்ணம், தயக்கம் எதற்கும் அங்கே இடமில்லை.

விழுந்தவரை உணர்ந்து தானே அழைக்கும் கைக்கடிகாரங்களும் வந்துவிட்டன. 2018-இல் வெளிவந்த ஆப்பிள் கைக்கடிகாரம், அணிந்தவர் கடுமையாக விழுந்து சுமார் ஒரு நிமிடம் அசைவற்றுக் கிடந்தால், அவசர எண்ணைத் தானே அழைக்கும்படி அமைந்தது. உயரத்தில் ஏறி வேலை செய்வோர்க்கும் முதியோர்க்கும் இது நன்மையே. ஆனால் இயந்திரத்தில் கை சிக்கி நின்றபடியே துன்புறுபவர் விழுவதில்லை. லேத்தில் கைக்கடிகாரமும் கூடாது என்று முன்பே சொன்னோம். ஆதலின், குறித்த நேரத்து அழைப்புக்கு இது மாற்றாகாது.

இவற்றுக்கெல்லாம் மேலான ஒன்றுண்டு. சில வேலைகளைத் தனியே செய்யவே கூடாது. தொட்டி, பாழ்கிணறு, கழிவுநீர்க் குழி, மூடிய கலம் ஆகியவற்றுள் இறங்குதல் அவற்றுள் முதன்மையானது. அங்கே தங்கும் நச்சு வாயு, கூவுவதற்கு முன்பே மயக்கிவிடும். அழுகிய முட்டை நாற்றம் வீசும் வாயு, அளவு மிகுந்தால் மோப்ப உணர்வையே மரக்கச் செய்துவிடும்; நாற்றம் நின்றது, ஆபத்து நீங்கியது என்று எண்ணுபவர் ஏமாந்துபோவார். இத்தகைய இடத்துள் புகுபவர், வாயுக் கேடில்லை என்று முறைப்படி சோதித்தாலன்றி, மூச்சுக் கருவியும் கயிற்றோடு பிணைத்த அரைக்கச்சும் அணிய வேண்டும். கயிற்றின் மறுமுனையை வெளியே நிற்பவர் ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு விதித்திருந்தது.

இது நமக்குப் புதிய பாடமன்று. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தோர் கல்லைப் பற்றிக்கொண்டு கடலுள் மூழ்கினார்கள். மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்து நின்றார். கீழிருந்து கயிறு அசைந்தால் மேலே இழுப்பார். அந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள் என்று கடற்கரையில் சொல்வதுண்டு. தன் உடன்பிறந்தாள் கைம்மை அடைவதை அவன் பொறுக்கமாட்டான் என்பது அதற்குக் காரணம். தேன் எடுக்கக் கொடியில் தொங்கி இறங்கும் மலைவாழ் மக்களிடையேயும் இத்தகைய வழக்கம் உண்டு. யாரை நம்பி இறங்குகிறோம் என்பதை அம்மக்கள் எவ்வளவு ஆராய்ந்திருக்கிறார்கள், பாருங்கள்! நம் பட்டறைக்காரரும் தம் கயிற்றின் மறுமுனை யாருடைய கையில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அழைப்பைக் கேட்டு ஓடிவருபவருக்கும் ஒரு சொல். மின்சாரத்தில் சிக்கியவரை உடனே தொடாதீர்கள். முதலில் முதன்மை விசையை அணையுங்கள். அது எங்கிருக்கிறதென்று அவருக்கு முன்பே காட்டிவைத்திருப்பது பட்டறைக்காரரின் கடமை. தொட்டிக்குள் மயங்கியவரைத் தூக்குவதற்குத் தாமும் குதித்துவிடாதீர்கள். ஒருவரைக் காக்க இறங்கியவர் அடுத்தடுத்து மடிந்த செய்திகளை நாம் நாளிதழ்களில் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். வெளியே நின்றபடியே கயிற்றால் இழுங்கள். முடியாவிடில் தீயணைப்புப் படையை அழையுங்கள்.

சிலர் இதையெல்லாம் கேட்டுச் சிரிக்கலாம். 'இருபது ஆண்டு இந்த இயந்திரத்தோடு வாழ்ந்தவன் நான். மணிக்கு ஒருமுறை வீட்டுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டுமா?' என்று கேட்கலாம். தொழிலில் தேர்ந்தவர்க்குப் பெருமிதம் இயல்பே. ஆனால் மேலே சொன்ன யேல் பல்கலைக்கழக மாணவியும் இயந்திரப் பயிற்சி பெற்றவரே. தேர்ச்சி விபத்தைக் குறைக்கும், அறவே நீக்காது. வேறு சிலர், வீணாக மணி அடித்து அயலாரைத் தொல்லைப்படுத்துவோமோ என்று கூசுவார்கள். மாதம் ஒருமுறை, சொல்லிவைத்து, மணியை அடித்துப் பாருங்கள். மணி சரியாக இருக்கிறதா என்பதும் தெரியும். அம்மணி கேட்டால் ஓடிவர வேண்டும் என்பது அயலார் மனத்திலும் பதியும். தீயணைப்புப் பயிற்சியைப் பள்ளிகளில் ஏன் திரும்பத் திரும்ப நடத்துகிறோம்? நெருக்கடியில் மனம் புதிதாக ஒன்றையும் சிந்திப்பதில்லை, பழகியதையே செய்கிறது.

முடிவாக, தனியே தொழில் புரியும் அன்பர்களுக்கு நான் கூற விரும்புவது இதுதான். நாளைக் காலை பட்டறையைத் திறந்தவுடன், இயந்திரத்தை ஓடவிடுமுன், தரையில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். அங்கிருந்து எட்டுவது எது, எட்டாதது எது என்று கையை நீட்டிப் பாருங்கள். கைப்பேசி உடலில் இருக்கிறதா, கதவு உள்ளே தாழிடாமல் இருக்கிறதா, அடுத்த ஒரு மணி நேரத்தில் நம் குரலை எதிர்பார்ப்பவர் யார், அவர் குரல் கேட்காவிட்டால் என்ன செய்வார் என்று எண்ணிப் பாருங்கள். இக்கேள்விகளுக்கு விடை கிடைத்த பிறகு விசையைப் போடுங்கள். வீட்டிலிருப்போரும், பட்டறைக்குச் சென்றவர் நெடுநேரம் பேசாதிருந்தால், 'வேலையாக இருப்பார்' என்று ஆறுதல் கொள்ளாமல், ஓர் ஆளை அனுப்பி விசாரியுங்கள்.

ஊர்கள் பெருகிவிட்டன, சுவர்கள் உயர்ந்துவிட்டன. இருப்பினும் ஒரு கயிறும் ஒரு மணியும் ஒரு நல்ல அயலாரும் இருந்தால், எவரும் மீண்டும் கூப்பிடு தூரத்துக்குள் வந்துவிடலாம்.